ஒன்றா, இரண்டா? – பதிவை நீக்குவோன் அறம்

ஒரே பெயர் ஒரு பட்டியலில் இருமுறை எழுதப்பட்டிருப்பின், அவற்றுள் ஒன்றைக் கோடிட்டு நீக்குதல் எழுதுவினைஞரின் நாளாந்தக் கடமைகளுள் ஒன்று. அதனைச் செய்வதற்கு அவர் எவரிடமும் அனுமதி கேட்பதில்லை; செய்த பின்னர் அதைப் பற்றி நினைப்பதுமில்லை. பேனாவின் ஒரு கீற்றில் முடிந்துவிடும் இச்செயலில் ஒழுக்கவியல் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என வினவத் தோன்றும். ஆயினும் அக்கீற்றுக்குப் பின்னால் ஒரு தீர்ப்பு மறைந்து நிற்கிறது. “இவ்விரண்டும் ஒன்றே” என்பது அத்தீர்ப்பு. அதனை வழங்கும் அதிகாரம் எங்கிருந்து பெறப்படுகிறது? அது பிழைபடுமாயின் இழப்பு யாரைச் சாரும்? இவ்விரு வினாக்களையும் மாத்தளை மாவட்டத்தின் வரைபடத்தை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரைபடம் தாளில் அச்சிடப்பட்ட காலத்தில் இச்சிக்கல் பெரிதாகத் தோன்றவில்லை. 1800ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இலங்கை நில அளவைத் திணைக்களம் ஒரு மைலுக்கு ஓரங்குலம் என்ற அளவில், அதாவது 1:63,360 என்ற விகிதத்தில், நாட்டின் படத்தாள்களை வெளியிட்டது; பின்னர் 1:50,000 என்ற விகிதத்துக்கு மாறியது. ஒரு தாள் அச்சாகிவிட்டால் அடுத்த பதிப்பு வரும்வரை அது மாறுவதில்லை. புதிய பதிப்பு வந்ததும் பழையது முழுமையாக ஒதுக்கப்படும். ஓர் ஊர் இருமுறை பொறிக்கப்பட்டிருந்தால் அது எவர் கண்ணுக்கும் புலப்படும்.

கணினியில் வாழும் வரைபடம் இத்தகையதன்று. 2004ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, உலகெங்குமுள்ள தன்னார்வலர்களால் வரையப்பட்டுவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இதற்குத் தக்க சான்றாகும். அதன் பெருந் தரவுத்தளத்தை முழுமையாக நாள்தோறும் படியெடுப்பது எவருக்கும் எளிதன்று. ஆகவே அதன் படியொன்றை வைத்திருப்போர், மாறியவற்றை மட்டும் தாங்கிவரும் சிறு கோப்புகளை நிமிடந்தோறும், மணிதோறும் அல்லது நாள்தோறும் பெற்றுத் தமது படியின்மேல் ஏற்றிக்கொள்கின்றனர். அக்கோப்பில் மூன்று கட்டளைகளே உள: உண்டாக்கு, மாற்று, நீக்கு. ஒவ்வொரு சாலைக்கும் கட்டடத்துக்கும் புள்ளிக்கும் ஒரு பதிவெண் உண்டு; அது திருத்தப்படுந்தோறும் ஒவ்வொன்றாய் உயரும் பதிப்பெண்ணும் உண்டு.

இங்கு இரட்டைப் பதிவு இரு வழிகளில் நுழையும். மூலப்படி நண்பகலில் எடுக்கப்பட்டது என்க. ஏற்றப்படும் முதற்கோப்பு அன்று காலையிலிருந்து நிகழ்ந்த மாற்றங்களைத் தாங்கியிருந்தால், ஏற்கெனவே படியில் உள்ள பொருளை மீண்டும் “உண்டாக்கு” என்று அது பணிக்கும். கண்டிப்பான தரவுத்தளம், “இப்பதிவெண் முன்னரே உண்டு” என மறுத்து, முழு வேலையையும் நிறுத்திவிடும். இனி, இரத்தோட்டை வீதியிலுள்ள ஒரு பாலம் ஒரே நாளில் நால்வரால் திருத்தப்பட்டிருந்தால், அந்நாளின் கோப்பில் அதே பாலம் நான்கு பதிப்புகளாக வரவுங்கூடும். இவ்விரண்டுக்கும் தீர்வு ஒன்றே. பதிவெண் ஒன்றாயின் பதிப்பெண்ணை நோக்குக, மிக உயர்ந்ததை நிறுத்துக, ஏனையவற்றை விடுக. இவ்விதியைக் கைக்கொண்டால் ஒரே கோப்பை ஒருமுறை ஏற்றினாலும் பலமுறை ஏற்றினாலும் விளைவு ஒன்றாகவே அமையும்.

இதிலிருந்து இத்துறையில் உழைப்போர் ஒரு நடைமுறை அறிவுரையைப் பெற்றுள்ளனர். எந்த நேரத்திலிருந்து மாற்றங்களை ஏற்றுவது என்ற ஐயம் எழுந்தால், சற்று முன்னரே தொடங்குக, பிந்தித் தொடங்கற்க. முன்னரே தொடங்கினால் சில பதிவுகள் மீள வரும். விதி அவற்றை ஒழுங்குபடுத்திவிடும். பிந்தித் தொடங்கினாலோ இடையில் விடுபட்டவை எவை என்பதைச் சொல்வதற்குப் படியினுள் எச்சான்றும் இராது. மிகை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும், குறையோ வாய்திறவாது. கருவியியல் நுணுக்கமாகத் தோன்றும் இவ்வறிவுரையில் ஓர் அறநெறி பொதிந்துள்ளது. அதனை நெஞ்சிற்கொண்டு மேலே செல்வோம்.

பதிவெண் ஒன்றாய் இருக்கையில் “ஒன்றே” என்ற தீர்ப்பு எளிதாகிறது. ஆயின் அவ்வெண்ணைக் கொடுத்தவன் மனிதன். இருவர் இரு வேளைகளில் ஒரே கட்டடத்தைத் தனித்தனியே வரைந்தால், ஒரு பொருளுக்கு இரு எண்கள் அமைந்துவிடும். அவற்றை ஒன்றெனக் காண எந்த எண்ணும் உதவாது. பெயரையும் இடத்தையும் வடிவையும் ஒப்பிட்டே ஒரு முடிவுக்கு வரல் வேண்டும். எண்கணிதம் முடிந்து தீர்ப்பு தொடங்குவது இவ்விடத்திலேதான்.

இச்சிக்கல் தமிழுக்குப் புதிதன்று. நிகண்டு நூலார் இதனை நெடுங்காலத்துக்கு முன்னரே வகுத்துக்கண்டனர். ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்களை ஒருபாலும், பல பொருள்களைக் குறிக்கும் ஒரு சொல்லைப் பிறிதொரு பாலும் அவர்கள் தொகுத்தனர். திவாகரத்தில் ‘ஒருசொற் பல்பொருட் பெயர்த்தொகுதி’ எனத் தனிப்பகுதியே உண்டு. இவ்விரண்டையும் மயங்கவைத்தால் மொழியில் பொருள் கெடும். வரைபடத்தில் ஊரே கெடும்.

மாத்தளையை நோக்குவோம். அம்பன் கங்கையை மறித்துக் கட்டப்பட்டு 2017 சனவரியில் நீர் நிரப்பத் தொடங்கிய பெருநீர்த்தேக்கத்தை மக்கள் மொரகஹகந்த என்பர், பொறியியலறிஞர் ஏ. என். எஸ். குலசிங்கவின் பெயரால் குலசிங்க நீர்த்தேக்கம் என்பது அதன் அரசமுறைப் பெயர். இரு பெயர்களும் தனித்தனியே பதியப்பட்டிருப்பின், பெயரை மட்டும் ஒப்பிடும் கணினி இரு நீர்த்தேக்கங்கள் உளவெனக் கொள்ளும். இது ஒருபொருட் பன்மொழி. ஒரு பதிவின்கீழ்ப் பல பெயர்களை எழுதுவதே இதற்குரிய தீர்வு. மாத்தளை என்ற பெயரையே தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரே பதிவில் எழுதிவைப்பது போன்றது அது.

இதற்கு மறுதலையானது தோட்டப்புறம். எல்கடுவைக்கும் இரத்தோட்டைக்கும் மேலே மலைச்சரிவுகளில் அமைந்த தோட்டங்களுக்கு நிருவாகம் வைத்த பெயர் ஒன்று. தொழிலாளர் வழங்கும் பெயர் பிறிதொன்று. மேற்கணக்கு, கீழ்க்கணக்கு, புதுக்காடு என்பன மலையகத்தில் தோட்டந்தோறும் கேட்கும் பிரிவுப் பெயர்கள். மாரியம்மன் கோயில் இல்லாத தோட்டத்தைக் காண்பதரிது. எனவே அடுத்தடுத்த இரு மலைச்சரிவுகளில் ஒரே பெயருடைய இரு கோயில்கள் சில நூறு மீற்றர் இடைவெளியில் நிற்றல் இயல்பு. “ஒரே பெயர், ஒரே வகை, அண்மைய இடம், ஆதலின் இரட்டைப் பதிவு” என ஒரு கணினி நிரல் முடிவு செய்து ஒன்றை நீக்கிவிடலாம். நகரத்துக் கடைகளைப் பொறுத்தவரை அந்நிரல் பெரும்பாலும் சரியாகவே இயங்கியிருக்கும். மலையில் அது ஒரு சமூகத்தின் கோயிலை இல்லாததாக்கிவிடும்.

மூன்றாவதொரு வகையும் உண்டு. மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையிலுள்ள நாலந்தா கெடிகே, பௌத்தமும் திராவிடக் கட்டடக்கலையும் கலந்த பழைய கற்கட்டடம். மகாவலித் திட்டத்தின் போவதென்ன நீர்த்தேக்கம் அதன் நிலத்தைக் கொள்ளவிருந்தமையால், 1970களில் தொடங்கிய பணியில் அது கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு, உயர்ந்த இடத்தில் மீண்டும் அடுக்கப்பட்டது. கற்கள் அவையே, நின்ற நிலம் அதுவன்று. வரைபடக்காரன் இதனை “மாற்று” என எழுதுவானா, “நீக்கு, உண்டாக்கு” என எழுதுவானா? “மாற்று” என்றே நம்மிற் பெரும்பாலார் விடையளிப்பர். கட்டடம் தன் கற்களாலும் அடுக்குமுறையாலும் அதுவாயிற்றேயன்றி, நின்ற மண்ணால் அன்று என்பது நமது உணர்வு.

ஆயின் அதே மாவட்டத்தின் லக்கலையைக் கருதுக. 2018இல் நீர் நிரப்பப்பட்ட களு கங்கை நீர்த்தேக்கத்தின்கீழ்ப் பழைய லக்கலை நகர் மூழ்கியது. புதிய லக்கலை நகர் வேறிடத்தில் எழுப்பப்பட்டது. இங்கு ஒரு கல்லும் இடம்பெயர்ந்து அடுக்கப்படவில்லை. மக்களும் பெயருமே பெயர்ந்தனர். இது “மாற்று” ஆகுமா? ஆகுமெனின் ஊர் என்பது மக்கள் என்று சொன்னவராவோம். ஆகாதெனின் ஊர் என்பது நிலமும் கட்டடமும் என்று சொன்னவராவோம். இரு லக்கலைகளையும் கண்டு “பெயர் ஒன்று, ஆதலின் ஒன்றை அடி” என்பவன் நீரடியில் கிடக்கும் ஊரின் வரலாற்றை அடிக்கிறான். அவன் அதனை அறிவதுமில்லை.

மெய்யியலார் இதனை அடையாளம் பற்றிய பிரச்சினை என்பர். எல்லாப் பண்புகளிலும் ஒத்தவை இரண்டல்ல, ஒன்றே என்பது செருமானிய மெய்யியலாளர் லைப்னிட்சின் கொள்கை. இக்கொள்கையைப் பதிவேட்டுக்குள் கொண்டுவருகையில் ஒரு வழுக்கல் நிகழ்கிறது. பதிவேடு ஒரு பொருளின் எல்லாப் பண்புகளையும் எழுதுவதில்லை. தனக்கு வேண்டிய நான்கைந்தையே எழுதுகிறது. இரு பதிவுகள் ஒத்திருக்கின்றன என்பதிலிருந்து இரு பொருள்கள் ஒன்றே என்பது பெறப்படாது. நாம் குறைவாகவே எழுதியிருக்கிறோம் என்பது மட்டுமே பெறப்படும். இந்திய மெய்யியல் மரபிலும் முன்பு கண்ட தேவதத்தனே இப்போது காணப்படுபவன் என்ற எடுத்துக்காட்டு நெடிது ஆராயப்பட்டது. அங்கே இடமும் காலமும் வேறுபட்டும் ஆள் ஒருவனே. அவ்வறிவு இரு குறிப்புகளை ஒப்பிட்டதால் வந்ததன்று. அவனை நேரிற் கண்டதால் வந்தது. காணாமல் ஒப்பிடுவோனுக்கு அவ்வறிவு கிட்டாது.

இனி, இரண்டுள் எதனை நிறுத்துவது என்ற வினாவைக் கொள்வோம். பின்னையதே வெல்லும் என்பது வரைபடத் தரவுத்தளத்தின் விதி. நிலத்தின் உறுதிகளைப் பதியும் நமது சட்டம் இதற்கு மாறானது. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரே காணிக்கு முரணான இரு உறுதிகள் இருப்பின், மோசடியோ கூட்டுச் சதியோ இல்லாதவிடத்து, முந்திப் பதியப்பட்டதே மேலோங்கும். ஒரு பேரேட்டில் முந்தியது வெல்கிறது. மற்றொன்றில் பிந்தியது வெல்கிறது. இரண்டும் வேலையை நடத்துவதற்கு ஏற்ற ஏற்பாடுகளே. முந்தியமையும் பிந்தியமையும் உண்மையின் இலக்கணங்கள் அல்ல. பாலத்தைப் பற்றிக் கடைசியாக எழுதியவர் அதனைப் பார்த்து எழுதியவராக இருக்கலாம். பாராது எழுதியவராகவும் இருக்கலாம்.

ஏடு தேடிப் பதிப்பித்த நம் முன்னோர் இதனை உணர்ந்திருந்தனர். யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஒரே நூலுக்குப் பல ஏட்டுப்பிரதிகளைக் கண்டனர். அவை ஒன்றோடொன்று முரண்பட்டன. பழமையான ஏடே சரியென்றோ, தெளிவான ஏடே சரியென்றோ அவர்கள் விதி வகுத்துக்கொண்டு ஏனையவற்றை எறிந்துவிடவில்லை. ஒப்பிட்டு ஒரு பாடத்தை ஏற்றபோது, வேறு பாடங்களைப் பாடபேதமாகக் காட்டும் முறையும் பதிப்புலகில் நிலைபெற்றது. நாம் கொண்ட முடிவு பிழையாகலாம், பின்வருவோன் திருத்தட்டும் என்ற அடக்கம் அம்முறையில் உண்டு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலும் நீக்கப்பட்ட பொருள் வரலாற்றிலிருந்து அழிவதில்லை. கட்புலனாகாது என்ற குறிப்புடன் தன் எண்ணோடு நிற்கிறது. அவ்வெண் பிறிதொன்றுக்கு வழங்கப்படுவதுமில்லை. வேண்டின் அதனை மீட்கலாம். இது பாடபேத அறத்தின் இன்றைய வடிவம் எனலாம். ஆயின் அதன் படியைக் கொண்டு செயற்படும் அலுவலகம் அவ்வரலாற்றைக் கொண்டுவராமல் இறுதிநிலையை மட்டும் கொண்டுவருமாயின், அவ்வறம் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது.

இதுவரை கல்லையும் நீரையும் பற்றிப் பேசினோம். பதிவு மனிதனைப் பற்றியதாகும்போது இவ்வினா கூர்மையடைகிறது. தோட்டத்து மூதாட்டி ஒருவரைக் கற்பனை செய்வோம். பிறப்புச் சான்றிதழில் அவர் இராமாயி. தேசிய அடையாள அட்டையில் ராமாய். ஊழியர் சேமலாப நிதியின் ஏட்டில் ஆங்கில எழுத்துகளின் வழியே திரிந்த மூன்றாம் வடிவம். ஆள் ஒருவர், பதிவுகள் மூன்று. அவரது அடுத்த லயனில் இன்னுமோர் இராமாயி உண்டு. தந்தையின் பெயரின் முதலெழுத்தும் ஒன்று. லயன் அறைக்கெனத் தனி முகவரி நெடுங்காலம் இருந்ததில்லையாதலால் முகவரியும் ஒன்று. ஆள் இருவர், பதிவு ஒன்றெனத் தோற்றம். முதலாமவர், “நீர் இவரல்லர்” எனத் திருப்பியனுப்பப்படுகிறார். இரண்டாமவர், “நீர் முன்னரே பெற்றுவிட்டீர்” எனத் திருப்பியனுப்பப்படுகிறார். ஒரே மேசையில், ஒரே காலைப்பொழுதில், ஒன்றுக்கொன்று நேர்மாறான இவ்விரு பிழைகளும் நிகழலாம். இரண்டையும் செய்தவர் தம் கடமையைச் செவ்வனே செய்ததாகவே கருதுவார்.

மலையகத் தமிழரின் வரலாறே இதன் பெருவடிவம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின்பின் அவர்களுட் பெரும்பாலார் நாடற்றவராயினர். அவர்கள் இந்தியாவின் ஏட்டுக்கு உரியவர் என இலங்கை கருதியது. இலங்கையின் ஏட்டுக்கு உரியவர் என இந்தியா கருதியது. இருவரும் தத்தம் ஏட்டில் அவர்களை மிகையெனக் கொண்டனர். விளைவில் அவர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. 1964இல் செய்யப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேர் எனக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் வகுத்தது. எஞ்சிய 150,000 பேரின் நிலையைப் பின்னொரு காலத்துக்கு ஒத்திவைத்தது. 1974இல் அவ்வெஞ்சியோரும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். மிச்சமிருந்தோருக்கு வழிசெய்ய 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை காத்திருக்கவேண்டியிருந்தது. தொகை சரியாகக் கூட்டப்பட்டது; கூட்டப்பட்டோர் கேட்கப்படவில்லை. மிகை என எண்ணி நீக்கியது உண்மையில் ஒரே பதிவாக இருந்துவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். இரட்டைப் பதிவை விட்டுவைப்பதும் தீங்கன்றோ? வாக்காளர் இடாப்பில் ஒருவர் இருமுறை இருப்பின் அவருக்கு இரு வாக்குகள் கிட்டும். நிவாரணப் பட்டியலில் ஒரு குடும்பம் இருமுறை இருப்பின் இன்னொரு குடும்பத்தின் பங்கு குறையும். 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலின் பெருமழையால் மலையக மாவட்டங்களில் மண்சரிவுகள் நேர்ந்தன. மாத்தளையும் அவற்றுள் ஒன்று. இத்தகைய வேளையில் பொருள் அளவுடையது, கேட்போர் பலர். நீக்கத் தயங்குபவன் யாரோ ஒருவனுடைய உணவில் கைவைக்கிறான் என்பர். இத்தடை வலியது, அதனை எளிதிற் புறந்தள்ளல் நேர்மையன்று.

ஆயினும் இரு பிழைகளும் ஒரே தன்மையன அல்ல. இருமுறை எழுதப்பட்டவனுடைய இரு பதிவுகளும் ஏட்டில் நிற்கின்றன. நாளை ஒருவர் வந்து ஒப்பிட்டுக் காணலாம், கேட்கலாம், மீட்கலாம். பிழையாக நீக்கப்பட்டவனோ, தான் நீக்கப்பட்டதை முறையிடுவதற்கு வேண்டிய பதிவையே இழந்தவன். அவனுடைய முறைப்பாட்டைப் பெறும் மேசையில் முதலில் கேட்கப்படுவது அவனுடைய பதிவெண்ணாகவே இருக்கும். முன்னர்க் கண்ட நடைமுறை அறிவுரை இங்குப் பொருந்துகிறது: மிகை தன்னைக் காட்டிக்கொடுக்கும்; குறை வாய்திறவாது. ஆகவே ஐயம் நிலவும்வரை மெய்ப்பிக்கும் பொறுப்பு நீக்குவோனையே சாரவேண்டும். தான் இரட்டையல்லன் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பை நீக்கப்படுவோன்மேல் ஏற்றுவது, சுமையைச் சுமக்க வலியற்றவன் தோளில் வைப்பதாகும்.

இதிலிருந்து மூன்று கடமைகளைப் பெறலாம். முதலாவது, இயந்திரவழி நீக்கத்தையும் தீர்ப்புவழி நீக்கத்தையும் வேறுபடுத்தல். ஒரே எண்ணும் ஒரே பதிப்பும் மீண்டு வந்திருப்பின் தயங்காது விடலாம். அதனால் எவர்க்கும் கேடில்லை. எண் வேறாயின், அது தீர்ப்பு என உணர்ந்து நிற்றல் வேண்டும். இரண்டாவது, நீக்கியதையும் நீக்கியவரையும் நீக்கிய காரணத்தையும் எழுதிவைத்தல். மீட்க முடியாதபடி எதனையும் நீக்காதிருத்தல். மூன்றாவது, பதிவுக்கு உரியவரைக் கேட்டல். கோயில் இரண்டா என்பதைக் கொழும்பிலிருந்து அளந்தறிய வேண்டுவதில்லை. மலையேறிச் செல்லும் ஒருவர், அல்லது அங்கேயே வாழும் ஒருவர், ஒரு சொல்லிற் கூறிவிடுவார். நிவாரண வரிசையில் நிற்கும் இரு இராமாயிகளையும் ஒருங்கே அழைத்து நிறுத்தினால் ஐயம் அக்கணமே தீரும். அவசர வேளையிலும் இதற்குச் சில நிமிடங்களே செல்லும்.

ஏட்டைத் தூய்மையாக்குதல் நற்பணியே. ஆனால் ஏட்டின் தூய்மை ஏட்டின் பொருட்டு வேண்டப்படுவதன்று. அதில் எழுதப்பட்ட மனிதரின் பொருட்டு வேண்டப்படுவது. வருங்காலத்தில் கணினித் துறையிலோ அரச அலுவலிலோ அமரவிருக்கும் மாணவர்கள் தம் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பதிவுகளை நீக்குவர். அவற்றுட் பெரும்பாலானவை உண்மையிலேயே இரட்டைகளாக இருக்கும். அல்லாதவை சிலவும் அவற்றினிடையே கலந்திருக்கும். திரையில் இரண்டும் ஒரே தோற்றத்தனவே. அச்சிலவற்றின் பொருட்டு ஒரு கணம் கையை நிறுத்திப் போய்க் கேட்டுவருதல், பதிவை நீக்கும் அதிகாரம் பெற்றோர் அவ்வதிகாரத்துக்குச் செலுத்தவேண்டிய விலை என்பதே எமது துணிபாகும்.